நாதஸ்வரம் ஏன் பியானோ ஆனது?

திருகோணமலை மாவட்டத்தின் தென்கோடியில் வெருகலாறு ஓடுகிறது. மகாவலியின் கிளை அது. அதன் கரையிலிருக்கும் சித்திரவேலாயுத சுவாமி கோயில், கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போகும் அடியார்கள் தங்கிச் செல்லும் இடம். வருடாந்தத் திருவிழாவுக்கென்று அந்தப் பக்கத்து இளைஞர் ஒருவர் காவடிப் பாட்டொன்று செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மடிக்கணினி ஒன்று, சின்னக் கீபோட் ஒன்று, மடிக்கணினியில் எஃப்எல் ஸ்டூடியோ என்ற இசை மென்பொருள். நாதஸ்வரம், தவில், தம்புரா எல்லாம் கணினிக்குள்ளேயே இருக்கின்றன. நாலு நிமிடப் பாட்டு. மெருகேற்ற வேண்டிய வேலையை ரொறன்ரோவில் இருக்கும் மச்சான் செய்வதாகப் பேச்சு. அவர் பாவிப்பது லாஜிக் என்ற வேறு மென்பொருள். "மிடியா எக்ஸ்போர்ட் பண்ணி அனுப்பு" என்கிறார். இவர் அனுப்புகிறார். கோப்பு 27 கிலோபைட்தான். வட்ஸ்அப்பில் வரும் காலை வணக்கப் படங்கூட அதைவிடப் பெரிது. சற்று நேரத்தில் பதில் வருகிறது: "மச்சான், நாதஸ்வரம் எங்க? பியானோ தானே கேக்குது. தவில் இருந்த இடத்திலயும் பியானோ."

கோப்பு கெட்டுப்போகவில்லை. வழியில் எதுவும் தொலையவும் இல்லை. அனுப்பிய கோப்பில் நாதஸ்வரம் என்றுமே இருந்ததில்லை.

இதற்கு முதல் தடயம் அந்த 27 கிலோபைட். ஒலியைக் கணினியில் பதிவது என்றால், காற்றின் அதிர்வை நொடிக்கு 44,100 தடவை அளந்து எழுதிவைப்பது. குறுந்தட்டுத் தரம் என்று சொல்லப்படுவது இதுதான். ஒவ்வோர் அளவுக்கும் 2 பைட், இடது வலது என்று இரண்டு பக்கம். ஆக, நொடிக்கு 1,76,400 பைட். நாலு நிமிடத்துக்கு 42 மெகாபைட்டுக்கு மேலே வரும். எம்பி3 ஆகச் சுருக்கினாலும் 4 மெகாபைட் அளவில் நிற்கும். 27 கிலோபைட்டில் உண்மையான ஒலியை வைக்க வேண்டுமென்றால், குறுந்தட்டுத் தரத்தில் நொடியின் ஆறில் ஒரு பங்குகூட வராது. அப்படியானால் அந்தக் கோப்பில் இருப்பது என்ன?

மட்டக்களப்பு, திருகோணமலைப் பக்கத்தில் கூத்துப் பழக்கும் அண்ணாவியாரிடம் ஒரு கொப்பி இருக்கும். யார் எப்போது வரவு, எந்தத் தரு, எந்தத் தாளக்கட்டு, எங்கே விருத்தம், எங்கே வசனம் என்று எல்லாம் அதில் இருக்கும். அண்ணாவியாரின் குரல் மட்டும் இருக்காது. மத்தளத்தின் சத்தமும் இருக்காது. அந்தக் கொப்பியை இன்னோர் ஊருக்குக் கொடுத்தால் அந்த ஊரார் தங்கள் தொண்டையாலும் தங்கள் மத்தளத்தாலும் அதே கூத்தை ஆடுவார்கள். மிடிக் கோப்பு அப்படியொரு கொப்பி. எந்தச் சுரம், எப்போது தொடங்கி எப்போது முடிந்தது, எவ்வளவு விசையோடு தட்டப்பட்டது என்ற கட்டளைகளின் வரிசை மட்டுமே அது. ஒலியைத் தருவது, கோப்பைத் திறக்கும் கணினியிலோ கீபோட்டிலோ இருக்கும் கருவி.

இது வெறும் வர்ணனை இல்லை என்பதை யாரும் வீட்டிலேயே சரிபார்க்கலாம். ஒரே ஒரு சுரத்தை மட்டும் வாசித்து மிடியாக ஏற்றுமதி செய்து, பைட்டுகளை எண்களாகக் காட்டும் நிரல் ஒன்றில் திறந்தால் போதும். அப்படிப்பட்ட நிரல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. முதலில் எம், டி, எச், டி என்ற நாலு ஆங்கில எழுத்துகள். அதுதான் தலைப்பு. கோப்பு எந்த வகை, எத்தனை தடம், ஒரு தாள அடியை எத்தனை துடிப்பாகப் பிரித்திருக்கிறது என்பவை தொடர்ந்து வரும். தலைப்பு மொத்தம் 14 பைட்தான். அடுத்து எம், டி, ஆர், கே என்ற எழுத்துகளோடு தடம் தொடங்கும். அதற்குள் ஏறக்குறைய இப்படியொரு வரிசை கிடக்கும்:

0, 144, 60, 100, 131, 96, 128, 60, 0.

ஒரு சுரத்தின் முழு வாழ்க்கையும் இந்த 9 எண்களில் அடங்கிவிடுகிறது. முதல் 0 என்றால் காத்திருக்காமல் உடனே. 144 என்றால் முதலாம் சேனலில், அதாவது ஒரு கருவிக்கென்று ஒதுக்கும் வழிகளில் முதலாவதில், சுரத்தைத் தொடங்கு. 60 என்பது எந்தக் கட்டை என்பது. பியானோவின் நடு ஸி. 100 என்பது தட்டிய விசை. அடுத்த 131, 96 இரண்டும் சேர்ந்து 480 துடிப்புக் காத்திரு என்று சொல்கின்றன. 128, 60, 0 என்றால் அந்தக் கட்டையை விட்டுவிடு. இந்த வரிசையில் வரும் இரண்டு 60களையும் 62 என்று மாற்றிச் சேமித்துவிட்டு மறுபடி கேட்டால் சுரம் ஒரு முழுப்படி உயர்ந்திருக்கும். எந்த ஒலிப்பதிவையும் தொடாமல், இரண்டு எண்களை மாற்றியதில் சுருதி மாறிவிட்டது. உள்ளே இருப்பது ஒலி இல்லை, கட்டளை என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை.

ஒரு சுரத்துக்கு 9 பைட் என்றால், 3,000 சுரத்துக்கு 27,000 பைட். வெருகலிலிருந்து போன கோப்பின் கணக்கு நேர்ப்பட்டுவிட்டது. இந்தக் கணக்கில் இன்னொரு சங்கதியும் ஒளிந்திருக்கிறது; அது கமகத்தைப் பற்றியது, பின்னால் வருகிறது.

கட்டளைகள் எல்லாம் 128 அல்லது அதற்கு மேலே, மதிப்புகள் எல்லாம் 127 அல்லது அதற்குக் கீழே இருப்பதைக் கவனித்தவர்கள் மிடியின் இலக்கணத்தில் பாதியைப் பிடித்துவிட்டார்கள். ஒரு பைட்டில் 0 முதல் 255 வரை எண்கள் கொள்ளும். அதைச் சரிபாதியாகப் பிரித்து மேல்பாதியைக் கட்டளைக்கும் கீழ்ப்பாதியை மதிப்புக்கும் ஒதுக்கினார்கள். கம்பியில் ஓடிவரும் எண்களின் நடுவே ஒரு கருவி திடீரென்று செருகப்பட்டாலும், 127ஐத் தாண்டிய எண் வந்ததும் இது புதிய கட்டளை என்று அதற்குத் தெரிந்துவிடும். காத்திருக்கும் நேரத்தைச் சொல்லும் எண்களுக்கு மட்டும் வேறு விதி: அங்கே 127ஐத் தாண்டினால், எண் இன்னும் முடியவில்லை, அடுத்த பைட்டையும் சேர்த்துப் படி என்று பொருள். 131, 96 வந்தது அப்படித்தான். கட்டைகள் 128, விசை அளவுகள் 128, கருவி எண்கள் 128 என்று மிடியில் திரும்பத் திரும்ப அந்த எண் வருவதற்குக் காரணம் இந்தப் பிரிப்பு.

இதை வகுத்தவர்கள் கீபோட் செய்பவர்கள். 1970களின் முடிவில் ஒவ்வொரு நிறுவனத்தின் சின்தசைசரும் தன் மொழியில் மட்டுமே பேசியது. ஒரு நிறுவனத்துக் கட்டைகளைத் தட்டி இன்னொரு நிறுவனத்துப் பெட்டியை ஒலிக்க வைப்பது பெரும்பாடு. அமெரிக்காவின் சீக்வென்ஷியல் சர்க்கிட்ஸ் நிறுவனத்தின் டேவ் ஸ்மித்தும் சேட் வுட்டும் 1981இல் ஒரு பொது மொழியை முன்மொழிந்தார்கள். ஜப்பானின் ரோலண்ட் நிறுவனர் இக்குத்தாரோ ககெஹாஷி ஏற்கெனவே அதே எண்ணத்தில் இருந்தவர். 1983 ஜனவரியில் அமெரிக்க இசை வணிகக் கண்காட்சியில் ஸ்மித்தின் பிராஃபெட் 600 கருவியையும் ரோலண்டின் ஜூபிட்டர் 6 கருவியையும் ஒரு கம்பியால் இணைத்துக் காட்டினார்கள். ஒன்றைத் தட்ட மற்றது ஒலித்தது. அதே ஆண்டில் விதிநூல் வெளிவந்தது. இசைக்கருவிகளுக்கான எண்முறை இணைப்பு என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள்தான் மிடி. அதற்காக ஸ்மித்துக்கும் ககெஹாஷிக்கும் 2013இல் தொழில்நுட்பக் கிராமி விருது கிடைத்தது.

அப்போது அது கம்பியில் ஓடும் மொழி மட்டுமே. ஓடி முடிந்ததும் மறைந்துவிடும். நொடிக்கு 31,250 பிட் வேகம், அதாவது ஒரு சுரக் கட்டளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிநொடி. தமிழ்த் திரையிசையில் கணினி வழியே கட்டளைகளை வரிசைப்படுத்தி வாசித்த முதல் பெரும் முயற்சியாகப் பலரும் சொல்வது, 1986இல் இளையராஜா இசையில் வந்த 'புன்னகை மன்னன்'. அந்தக் கட்டளைகளைக் கோப்பாக எழுதிவைத்து ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப் பொது வடிவம் 1988இல்தான் வந்தது. இன்றும் ஏற்றுமதி என்ற பொத்தானை அழுத்தினால் வருவது அந்த 1988ஆம் ஆண்டுக் கோப்புதான்.

இனிப் பியானோ.

கொப்பியில் 'இந்த இடத்தை நாதஸ்வரத்தில் வாசி' என்று எழுதியிருக்கலாமே என்று தோன்றும். எழுத ஒரு வழி இருக்கிறது, ஆனால் பெயரால் இல்லை, எண்ணால். எந்த எண் எந்தக் கருவி என்று 1991இல் ஜெனரல் மிடி என்ற பொதுப் பட்டியல் வகுக்கப்பட்டது. 1 என்றால் பெரிய பியானோ, 41 என்றால் வயலின், 74 என்றால் புல்லாங்குழல். 105 சித்தார். பட்டியலில் நாதஸ்வரத்துக்கு மிக அருகில் வரும் சொந்தம் 112ஆம் எண் ஷெனாய். நாதஸ்வரம் இல்லை. தவில் இல்லை, மிருதங்கம் இல்லை, வீணை இல்லை. உடுக்கு இருக்குமா என்று கேட்கவே வேண்டாம். பட்டியல் போட்டவர்களைக் குற்றம் சொல்வதில் பயனில்லை. 128 இடத்துக்குள் உலகத்தை அடக்கப் பார்த்தார்கள். அதிலும் கடைசி எட்டைக் கடலலை, பறவைக் குரல், தொலைபேசி மணி, துப்பாக்கிச் சத்தம் ஆகியவற்றுக்கெல்லாம் கொடுத்துவிட்டார்கள் என்பதுதான் கொஞ்சம் உறுத்துகிறது.

வெருகல் இளைஞரின் கணினியில் நாதஸ்வரம் ஒலித்தது, யாரோ ஒரு கலைஞரை வாசிக்கவைத்துச் சுரம் சுரமாகப் பதிந்த மாதிரிகளை ஒரு கருவி நிரல் எடுத்துக் கொடுத்ததால். அந்த நிரலுக்கு ஜெனரல் மிடி எண் ஏதும் இல்லை. எனவே கோப்பில் கருவி எண்ணே எழுதப்படவில்லை. எண் இல்லாவிட்டால் பெரும்பாலான மென்பொருள்கள் முதல் எண்ணை எடுத்துக்கொள்ளும். முதல் எண் பியானோ.

தவிலின் கதை இன்னும் வேடிக்கை. மாதிரி நிரல்களில் தவிலின் ஒவ்வொரு சொல்லும் ஒரு கட்டையில் உட்கார்ந்திருக்கும்: வலக்கை விரற்கூட்டின் அடி ஒரு கட்டையில், இடப்பக்கத்துக் கம்படி இன்னொன்றில், இரண்டும் சேர்ந்த அடி மற்றொன்றில். இந்த அடுக்கு நிரலுக்கு நிரல் வேறுபடும். கோப்பில் போவது 60, 62, 64 என்ற எண்கள் மட்டும். மறுமுனையில் அவை பியானோக் கட்டைகளாக எடுக்கப்பட்டால் தத்தளிக்கும் ஸி, டி, ஈ கேட்கும். ஜெனரல் மிடியில் தாளக் கருவிகளுக்கென்று ஒதுக்கிய பத்தாம் சேனலில் அதே எண்கள் விழுந்தால் 60 சின்ன பொங்கோ, 62 கொங்கா. யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவில் தனியை ஒருவர் பாடுபட்டு மிடியில் எழுதினாலும், மறுமுனையில் கியூபா நாட்டு இசைக்குழு கேட்கக்கூடும்.

பழைய நோக்கியா ஃபோன்களில் திரைப்பாட்டு ரிங்டோன்கள் எல்லாமே ஒரே சாயலில் ஒலித்ததும் இதனால்தான். பாட்டு எதுவானாலும் வாசித்தது ஃபோனுக்குள் இருந்த அதே சின்னஞ்சிறு கருவித் தொகுதி.

ஏற்றுமதிப் பொத்தானை அழுத்தும்போது மென்பொருள் என்ன செய்கிறது என்பதும் ஒவ்வொன்றிலும் வேறு. எஃப்எல் ஸ்டூடியோவின் முதல் வடிவம், 1997இல் ஃபுரூட்டிலூப்ஸ் என்ற பெயரில், மிடிக் கட்டளை மட்டும் அனுப்பும் சிறு தாளப் பெட்டியாகத்தான் பிறந்தது. அப்படியிருந்தும் இன்று அதில் பாட்டை நேரே மிடியாக்க முடியாது. முதலில் மிடி ஏற்றுமதிக்குத் தயார்செய்யும் கட்டளையை ஓட்ட வேண்டும். அது திட்டத்தில் இருக்கும் கருவிகளை எல்லாம் எடுத்துவிட்டு, வெறும் கட்டளை அனுப்பும் கூடுகளை அந்த இடத்தில் வைக்கும். அதனால் முன்கூட்டியே வேறு பெயரில் ஒரு பிரதி சேமித்துவைக்காதவர், அதே பெயரில் சேமித்த மறுநிமிடம் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். லாஜிக்கில் ஒரு பகுதியின் மேல் பூசியிருக்கும் சுருதி மாற்றம், தாளச் சீராக்கம் போன்றவை தானாகக் கோப்பில் இறங்காது. அவற்றை அந்தப் பகுதிக்குள் நிலைப்படுத்திய பிறகே ஏற்றுமதி செய்ய வேண்டும். ஏபில்டன் லைவ் துண்டுதுண்டாகத்தான் கொடுக்கும். ஐஃபோனோடும் மக் கணினியோடும் இலவசமாக வரும் கராஜ்பேண்டில் மிடி ஏற்றுமதி என்ற கட்டளையே கிடையாது.

எல்லாவற்றிலும் பொதுவாக ஒன்று உண்டு: மைக்கில் பதிந்த எதுவும் மிடியில் வராது. பாடியவரின் குரல், கோயிலில் பதிந்த மேளச் சத்தம், இணையத்தில் எடுத்த தவில் சுற்று, எதிரொலி, மெருகு எல்லாம் கோப்புக்கு வெளியே நிற்கும்.

இதுவரை சொன்னவை எல்லாம் சரிக்கட்டக்கூடிய இழப்புகள். மறுமுனையில் நல்ல நாதஸ்வர மாதிரித் தொகுதி இருந்தால் பியானோவை எடுத்துவிட்டு அதை வைத்துவிடலாம். ஆனால் அப்படி வைத்த பிறகும் ரொறன்ரோவில் கேட்பது வெருகலில் கேட்டதைப் போல இருக்காது. சுரங்கள் எல்லாம் இடத்தில் இருக்கும். பாட்டு மட்டும் நடந்து போகிற ஆள் காலை மடக்காமல் நடப்பதுபோல் விறைத்திருக்கும். கமகம் வரவில்லை.

இந்த இக்கட்டுக்கு வயது 100 ஆண்டுக்கு மேல். 1890களில் சென்னையில் சின்னசாமி முதலியார் கர்நாடக உருப்படிகளை ஐரோப்பியச் சுரக்குறியீட்டில் எழுதி அச்சிட்டார். எந்த நாட்டு இசைக்காரரும் எடுத்து வாசிக்கட்டும் என்பது அவர் நோக்கம். ஒரு வகையில் கர்நாடக இசையின் முதல் பெரிய ஏற்றுமதி முயற்சி அது. அதே காலத்தில் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர், சுரத்தை எழுதினால் மட்டும் போதாது என்று கண்டு, ஒவ்வொரு வகைக் கமகத்துக்கும் தனிக்குறி வைத்துச் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யைத் தெலுங்கில் எழுதினார். 1904இல் அச்சில் வந்தது. சுரம் வேறு, சுரத்தை அசைக்கும் விதம் வேறு, இரண்டையும் தனித்தனியே எழுத வேண்டும் என்ற அந்தத் தெளிவு மிடியிலும் இருக்கிறது. சுரக் கட்டளை ஒன்று. அதை மேலும் கீழும் நகர்த்தும் சுரவளைவுக் கட்டளை வேறொன்று. கீபோட்டின் இடதுபக்கத்தில் இருக்கும் சிறு சக்கரத்தை உருட்டினால் வருவது அதுதான்.

சுரவளைவின் நுட்பம் அசாத்தியமானது. சக்கரத்தின் முழு ஓட்டத்தை 16,384 படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். வழமையான அமைப்பில் அந்த ஓட்டம் சுரத்துக்கு மேலே இரண்டு அரைப்படி, கீழே இரண்டு அரைப்படி. அதாவது ஒவ்வோர் அரைப்படிக்கும் 4,096 நுண்படிகள். காது பிரித்தறியக்கூடியதைவிட எத்தனையோ மடங்கு நுண்மை. தோடி ராகத்தின் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளலாம். அது நின்று ஒலிக்கும் சுரம் இல்லை. ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவே அசைந்துகொண்டே இருக்கும். ஸட்ஜம் 60 என்றால் தோடியின் ரிஷபம் 61, காந்தாரம் 63, மத்தியமம் 65. காந்தாரத்தின் 63ஐத் தட்டிச் சக்கரத்தைக் கீழே முழுக்க உருட்டினால் 61, மேலே முழுக்க உருட்டினால் 65. 1983ஆம் ஆண்டுக் கீபோட்காரர்கள் தோடியைக் கேட்டிருப்பார்களோ என்று சந்தேகப்படும் அளவுக்குக் கணக்குப் பொருந்துகிறது.

ஆக, மிடியால் கமகத்தைச் சுமக்க முடியும். வெருகல் கோப்பு ஏன் சுமக்கவில்லை? இங்கேதான் அந்த 27 கிலோபைட் மறுபடி உதவுகிறது. ஒரு அசைவு வழுவழுப்பாகக் கேட்க வேண்டுமென்றால் நொடிக்கு 100 தடவை போல வளைவுக் கட்டளை எழுத வேண்டும். ஒன்றுக்குக் காத்திருப்பு எண்ணோடு சேர்த்து 4 பைட். நொடிக்கு 400 பைட். நாலு நிமிட நாதஸ்வரத்தில் பாதி நேரம் கமகம் என்று வைத்தாலும் அதற்கு மட்டும் 48,000 பைட் தேவை. 27 கிலோபைட் கோப்பில் அதற்கு இடமே இல்லை. கோப்பைத் திறக்காமல் அளவைப் பார்த்தே சொல்லிவிடலாம், கமகம் புறப்படவே இல்லை என்று.

புறப்படாததற்குக் காரணம் பெரும்பாலும் மென்பொருளின் வசதிகளே. எஃப்எல் ஸ்டூடியோவில் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போக அதற்கென்று தனிவகைச் சுரம் ஒன்று உண்டு; வரைந்தால் உடனே இழைந்து கேட்கும். ஆனால் அது அந்த மென்பொருளின் சொந்தக் கருவிகளுக்கு மட்டும் புரியும் குறிப்பு. மிடி மொழியில் அதற்குச் சொல் இல்லை. வேறு சில நாதஸ்வர நிரல்கள், ஒரு சுரம் முடியுமுன் அடுத்ததைத் தட்டினால் தாமாகவே இழைத்துக் கொடுக்கும். கேட்கும்போது கமகம் இருக்கும், கொப்பியில் இருக்காது.

வளைவுகளைக் கையால் எழுதியவருக்கும் ஒரு பொறி காத்திருக்கிறது. கோப்பில் எழுதப்படுவது சக்கரம் எவ்வளவு உருண்டது என்பது மட்டுமே. அந்த உருட்டு எத்தனை அரைப்படிக்குச் சமம் என்பது கருவியின் அமைப்பில் இருக்கிறது. நீண்ட இழைகளுக்கு வசதியாக இருக்கட்டும் என்று இங்கே ஒருவர் அதை 12 அரைப்படியாக வைத்து வேலை செய்கிறார். அங்கே கருவி வழமையான 2இல் நிற்கிறது. ஸட்ஜத்திலிருந்து மத்தியமத்துக்கு, ஐந்து அரைப்படி தூரம் இழைந்த இடம் அங்கே ஒரு அரைப்படிகூட எட்டாமல் நடுவழியில் அபசுரமாகத் தொங்கும். இந்த வரம்பையும் கட்டளையாக எழுதிவைக்க மிடியில் வழி உண்டு. எழுதுகிற மென்பொருள்கள்தான் குறைவு.

இன்னொன்று, சுரவளைவு சுரத்துக்கு உரியதன்று, சேனலுக்கு உரியது. நாதஸ்வரத்தையும் ஒத்துச் சுருதியையும் ஒரே சேனலில் வைத்து அனுப்பினால், காந்தாரம் அசையும்போது ஸட்ஜமும் சேர்ந்து அசையும். ஒத்து அசைந்தால் கச்சேரி என்னாவது? இதைத் தீர்க்க ஒலிக்கும் ஒவ்வொரு சுரத்துக்கும் தற்காலிகமாக ஒரு சேனலைக் கொடுத்துவிடும் எம்பிஇ என்ற முறையை 2018இல் மிடி அமைப்பு ஏற்றுக்கொண்டது. ஏ.ஆர். ரகுமான் 'டெல்லி 6' படத்தின் 'ரெஹ்னா தூ' பாட்டின் முடிவில் வாசித்த கன்டினுவம் என்ற கருவி இந்த வழிக்கு முன்னோடி. அதில் கட்டைகளே கிடையாது. நீண்ட மெத்தைப் பரப்பு ஒன்று. விரல் எங்கே இருக்கிறது, எவ்வளவு அழுத்துகிறது என்று அது ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனியே சொல்லிக்கொண்டிருக்கும். வீணைக் கம்பியை இழுத்த கைக்கு அது உடனே பிடிபடும்.

மாதிரிகளை விட்டுவிட்டு, கோயிலில் உண்மையாகவே வாசித்த நாதஸ்வரத்தைப் பதிந்து, அந்த ஒலியை மிடியாக மாற்றிவிடலாமே? மாற்றும் நிரல்கள் இருக்கின்றன. ஒலி அலை எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை தன்னைத் திரும்பச் சொல்கிறது என்று அளந்து, அதிலிருந்து நொடிக்கு எத்தனை அதிர்வு என்று கண்டுபிடித்து, பக்கத்திலிருக்கும் கட்டைக்கு அதை ஒதுக்குகின்றன. சிக்கல் அந்தக் கடைசிப் படியில். பார்சலோனாப் பல்கலைக்கழகம் ஒன்றில் சேவியர் செர்ரா நடத்திய கம்ப்மியூசிக் ஆய்வுத் திட்டத்தில் சென்னை ஐஐடியின் ஹேமா மூர்த்தி குழுவும் சேர்ந்து கர்நாடக இசைப் பதிவுகளின் சுருதியைத் தொடர்ந்து அளந்தது. எந்த அதிர்வில் எவ்வளவு நேரம் நின்றது என்று இப்படிக் கணக்கெடுத்து வரைந்தால், ஸட்ஜமும் பஞ்சமமும் கூரான முகடாக எழும். கமகச் சுரங்கள் அகன்ற மேடாகப் பரந்து கிடக்கும். சிலவற்றில் முகடு சுரத்தின் பெயருக்குரிய இடத்திலேயே இருக்காது. இப்படிப்பட்ட மேட்டைக் கட்டைக்கு ஒதுக்கச் சொன்னால் நிரல் என்ன செய்யும்? தோடிக் காந்தாரம் ஒன்றை ரி, ம, ரி, ம என்று நாலாக நறுக்கிக் கொடுக்கும். ஸ்பாட்டிஃபை நிறுவனம் 2022இல் இலவசமாக வெளியிட்ட பேசிக் பிட்ச் போன்ற நிரல்கள் வளைவுகளையும் சேர்த்து எழுதப் பார்க்கின்றன. முன்னேற்றம்தான், நறுக்குவது முழுக்க நின்றுவிடவில்லை.

தாளத்திலும் ஒரு சின்ன இடறல் உண்டு, பெரும்பாலோர் கவனிக்காதது. பல மென்பொருள்கள் ஒரு அடியை 480 அல்லது 960 துடிப்பாகப் பிரிக்கின்றன. 480ஐ 3ஆல் வகுக்கலாம், 4ஆல் வகுக்கலாம், 5ஆல் வகுக்கலாம். திஸ்ரம், சதுஸ்ரம், கண்டம் மூன்றும் சரியாக உட்காரும். 7ஆல் வகுத்தால் மிச்சம் வரும், 9ஆல் வகுத்தாலும் வரும். எனவே மிஸ்ர நடையின் ஏழு அட்சரங்களும் 69, 137, 206, 274, 343, 411, 480 என்று பக்கத்துத் துடிப்புகளில் ஒதுங்கிக்கொள்ளும். நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் ஒவ்வொன்றின் பிழையும் அரை மில்லிநொடிக்குள்தான். தவில்காரரின் காதுக்கும் தெரியாது. ஆனால் எஃப்எல் ஸ்டூடியோவின் வழமையான எண் 96. அதில் கண்ட நடையே சரியாக உட்காராது, அதே வேகத்தில் ஒரு துடிப்பும் ஏறக்குறைய 5 மில்லிநொடி நீளம். ஐந்து நடைகளுக்கும் பிழையில்லாமல் பொருந்தும் மிகச் சிறிய எண் 1,260. கோப்பின் தலைப்பில் அதைத் தாராளமாக எழுதலாம். ரீப்பர் போன்ற மென்பொருள்களில் இந்த எண்ணை மாற்றவும் முடியும்.

2020இல் மிடியின் இரண்டாம் பதிப்பு வந்தது. சுரவளைவைச் சேனலுக்கு மட்டுமன்றித் தனித்தனிச் சுரத்துக்கும் கொடுக்கிறது. 128 படி விசைக்குப் பதில் 65,536 படி. ஆனால் மச்சான்மார் இன்னும் பரிமாறிக்கொள்வது 1988இன் கோப்பைத்தான், அதனால் செய்ய வேண்டியதை அதற்கேற்பச் செய்துகொள்ளலாம். நாதஸ்வரத்துக்கு ஒரு சேனல், ஒத்துக்கு வேறொன்று. வழுக்குச் சுரங்களை எடுத்துவிட்டு வளைவாக எழுதுவது. வளைவின் வரம்பு எத்தனை அரைப்படி, தவிலின் எந்தச் சொல் எந்தக் கட்டை, நிமிடத்துக்கு எத்தனை அடி என்று வட்ஸ்அப்பில் நாலு வரி. வேக எண் கோப்பில் இல்லாவிட்டால் மறுமுனை நிமிடத்துக்கு 120 அடி என்று எடுத்துக்கொள்ளும், காவடி ஓட்டமாக ஓடிவிடும். மிடியில் வராத குரலையும் மேளத்தையும் தனித்தனி ஒலிக்கோப்பாக எடுத்து, பாட்டில் அவை எங்கே நுழைந்தாலும் சரி, கோப்பு மட்டும் முதல் அடியிலிருந்தே தொடங்கும்படி ஏற்றுமதி செய்ய வேண்டும். முன்னால் ஒரு நிமிடம் வெறும் மௌனம் போனாலும் பரவாயில்லை. ரொறன்ரோவில் எல்லாவற்றையும் ஒரே கோட்டில் வைத்தால் தானாகப் பொருந்தும்.